ஃபில்லும் கீயும் பிரியக் கூடாது: சின்ன எம்சிஆரில் ரௌட்டிங், லோகோ, டிக்கர் அமைப்பது

லோகோவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறது என்று போன் வந்தால், ஷிஃப்டில் இருப்பவர்கள் முதலில் கூப்பிடுவது கிராஃபிக்ஸ் டிசைனரைத்தான். அவரும் வந்து ஃபோட்டோஷாப்பைத் திறந்து லோகோவை நாலு விதமாக மாற்றிக் கொடுப்பார். விளிம்பு போகாது. கோளாறு லோகோவில் இருந்தால்தானே போகும்? பெரும்பாலும் அது கீயரில், அதாவது நிகழ்ச்சி மேல் கிராஃபிக்ஸைச் சேர்க்கும் கருவியில், போடாமல் விட்ட ஒரு டிக்கில் இருக்கும், இல்லாவிட்டால் லோகோ கீயருக்கு வந்து சேர்ந்த வழியில் இருக்கும்.

மாஸ்டர் கன்ட்ரோல் அறையில் (எம்சிஆர், சேனல் ஏருக்குப் போகும் முன் கடைசியாகக் கடக்கும் இடம்) கிராஃபிக்ஸ் என்பது ஒரு சிக்னல் இல்லை, இரண்டு. ஃபில் என்பது நிறம். கீ என்பது அந்த நிறம் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை உள்ள இடத்தில் கிராஃபிக்ஸ், கறுப்பு உள்ள இடத்தில் பின்னால் ஓடும் நிகழ்ச்சி, சாம்பல் உள்ள இடத்தில் இரண்டும் கலந்து. ஜோடிச் செருப்பு மாதிரி, ஒன்று மட்டும் வந்து பிரயோஜனமில்லை. கிராஃபிக்ஸ் தயாரிக்கும் சிஜி மெஷினில் புறப்பட்டதிலிருந்து கீயருக்குள் நுழைகிற வரை இந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேர வேண்டும். கீழே சொல்லப்போகிற வேலை எல்லாமே அதற்காகத்தான்.

நான் பேசப்போவது எங்கள் மாதிரி ஒரு சின்ன சேனலின் எம்சிஆரை வைத்து: 1080ஐ50 (விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படம், அதாவது ஃபீல்டு), மெயின், பேக்கப் என்று நிகழ்ச்சிகளை ஓட்டும் இரண்டு பிளேஅவுட் சர்வர், எந்த சிக்னல் எங்கே போக வேண்டும் என்று திருப்பிவிடும், 40 இன்புட் 40 அவுட்புட் உள்ள பிளாக்மேஜிக் வீடியோஹப் ரௌட்டர், கீயர்கள் உள்ள ஓர் ஏடெம் ஸ்விட்சர், கிராஃபிக்ஸுக்குக் காஸ்பர் சிஜி. காஸ்பர், ஸ்வீடன் நாட்டுப் பொது ஒளிபரப்பான எஸ்விடி தன் சொந்தத் தேவைக்கு எழுதி, 2006 முதல் ஏரில் ஓட்டி, பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி பெட்டியாக இருக்கலாம். பட்டன் இருக்கும் இடம் மாறும், கணக்கு மாறாது.

டெஸ்டினேஷனிலிருந்து எழுதுங்கள்

ரௌட்டர் சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் ஒரு பேப்பர் எடுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சோர்ஸ் பட்டியலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் டெஸ்டினேஷனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் எதை அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்று முடிவு செய்ய முடியும்.

எங்கள் பட்டியலில் முதல் வரிசை: சிக்னலைச் சுருக்கி வெளியே அனுப்பும் மெயின் என்கோடர், பேக்கப் என்கோடர், ஒளிபரப்பானதைப் பதிவு செய்து வைக்கும் லாக்கர். இந்த மூன்றிலும் யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்தது ஸ்விட்சரின் இன்புட்கள். கடைசியில் மானிட்டர், பல படங்களை ஒரே திரையில் காட்டும் மல்டிவியூவர், சிக்னலை அளந்து காட்டும் ஸ்கோப். இவற்றில் யார் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், ஏரில் எதுவும் ஆகாது.

லாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளிபரப்பான உள்ளடக்கத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. பிளேஅவுட் சர்வரின் அவுட்புட்டை நேராக லாக்கரில் பிடித்து வைத்துவிட்டு, அது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. யாராவது புகார் கொடுத்தால் கேள்வி அன்றைக்கு என்ன டிக்கர் ஓடியது என்பதாகவும் இருக்கலாம். லாக்கருக்குப் போவது கீயரைத் தாண்டிய சிக்னலாக இருக்க வேண்டும். இன்னும் நல்லது, சாட்டிலைட்டிலிருந்து நம் சேனலையே வாங்கும் டவுன்லிங்க் ரிசீவரிலிருந்து திரும்பி வரும் சிக்னல். வெளியே போனது அதுதான்.

அடுத்து லேபிள். ‘அவுட்புட் 3’ என்று விட்டுவைக்காதீர்கள். ‘ஏர் மெயின்’, ‘ஏர் பேக்கப்’, ‘சிஜி ஃபில்’, ‘சிஜி கீ’ என்று பேனலில் தெரியும் அளவுக்குச் சின்னதாக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிறவருக்கான பெயர் அது.

ரௌட்டர் எதையும் மாற்றிக் கொடுக்காது

ரௌட்டர் வெறும் ஸ்விட்ச். உள்ளே என்ன வருகிறதோ அதுதான் வெளியே போகும். 1080ஐ50 என்றால் விநாடிக்கு 1.485 கிகாபிட். வெளிப்புற ஒளிபரப்புக்குப் போன ஓபி வேனிலிருந்து யாரோ 1080பி50 அனுப்பினால் அது 2.97 கிகாபிட். ரௌட்டர் முகம் சுளிக்காமல் இரண்டையும் கடத்தும். மானிட்டரும் இரண்டையும் காட்டும். என்கோடர் மட்டும் கறுப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு சோர்ஸையும் ஸ்கோப்பில் போட்டு ஃபார்மட்டை வாசித்துப் பட்டியலில் எழுதி வையுங்கள். மானிட்டரில் படம் தெரிகிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை.

எல்லா மெஷினும் ஒரே தாளத்தில் ஓட உதவும் ரெஃபரன்ஸ் சிக்னலை பிளேஅவுட், சிஜி, ரௌட்டர், ஸ்விட்சர் எல்லாவற்றுக்கும் ஒரே சிங்க் ஜெனரேட்டரிலிருந்து கொடுங்கள். ரௌட்டர் ஒரு சோர்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது படம் இல்லாத வெர்ட்டிக்கல் இடைவெளியில். 1080ஐ-யில் 7-ஆவது வரி, பழைய 625 வரி எஸ்டியில் 6-ஆவது வரி. இரண்டு சோர்ஸும் ஒரே ரெஃபரன்ஸில் பூட்டியிருந்தால்தான் அந்த நேரத்தில் இரண்டுமே அந்த வரியில் இருக்கும். இல்லாவிட்டால் ரௌட்டர் படத்தின் நடுவில் வெட்டும், என்கோடர் ஒரு கணம் தடுமாறும், வீட்டில் பெட்டி முன்னால் இருப்பவருக்குக் கட்டம் கட்டமாக உடையும். வெளியிலிருந்து வரும் ஃபீடு எதுவானாலும் முதலில் அதை நம் ரெஃபரன்ஸுக்குப் பொருத்தும் ஃபிரேம் சிங்க்ரனைசர், பிறகுதான் ரௌட்டர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபில்லையும் கீயையும் ரௌட்டர் வழியாகக் கொண்டு போகவே வேண்டுமா? ஒரே ஒரு சிஜி மெஷின்தான் என்றால் வேண்டாம். அதன் கார்டிலிருந்து நேராக ஸ்விட்சருக்கு இரண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். ரௌட்டருக்கு ஒரு காப்பி வேண்டுமென்றால் ஸ்விட்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து கொடுக்கலாம். நடுவில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் தப்பு செய்யவும் வழி இல்லை.

பேக்கப் சிஜி மெஷினும் இருந்தால் ரௌட்டரைத் தவிர்க்க முடியாது. அப்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஃபில், கீ இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்து இன்புட். இரண்டு கேபிளும் ஒரே ரகம், ஒரே நீளம். நல்ல 75 ஓம் கேபிளில் எச்டி சுமார் 100 மீட்டர் வரை சிரமமில்லாமல் போகும், அதற்குமேல் என்றால் இரண்டுக்கும் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரீகிளாக்கர் போடுங்கள். அழுத்திச் சொல்கிறேன், இரண்டுக்கும். ஃபில் மட்டும் ஒரு ஃபிரேம் சிங்க் வழியாகவும் கீ மட்டும் நேராகவும் வந்தால் ஒரு ஃபிரேம், அதாவது 40 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். அசையாத லோகோவில் இது தெரியவே தெரியாது. டிக்கர் ஓடும்போதுதான் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தின் நிழல் மாதிரி ஒன்று கூடவே ஓடும். லோகோவை மட்டும் பார்த்து ஓகே சொல்லிவிட்டுப் போன இன்ஸ்டலேஷன் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெயின் சிஜியிலிருந்து பேக்கப் சிஜிக்கு மாறுவதை ஒரே சால்வோவாக (பல ரூட்களை ஒன்றாக மாற்றும் கட்டளை) எழுதி ஒரு பட்டனில் வையுங்கள். தனித்தனியாக இரண்டு டேக் என்றால், நடுவே ஓரிரு விநாடி ஒரு மெஷினின் நிறமும் இன்னொரு மெஷினின் கீயும் ஏரில் கலந்து நிற்கும்.

ஆட்டோமேஷனிலிருந்து வீடியோஹப்புக்குக் கட்டளை அனுப்புகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 9990 போர்ட்டில் போகும் அந்தக் கட்டளைகளில் எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். பெட்டியின் பின்னால் 7 என்று அச்சடித்திருக்கும் இன்புட், கட்டளையில் 6. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் ஃபில் இருக்க வேண்டிய இடத்தில் கீ வந்து உட்காரும். திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை தெரியும்.

எல்லாம் சரியானதும் ஏர் டெஸ்டினேஷன்களை லாக் செய்யுங்கள். பிறகு, பராமரிப்பு நேரத்தில் ரௌட்டரின் பவரை நீங்களே ஒருமுறை எடுத்துப் போட்டு, ரூட் எல்லாம் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கீயர்: கண்ணை நம்பாமல் ஸ்கோப்பை நம்புங்கள்

எங்கள் ஏடெமில் டவுன்ஸ்ட்ரீம் கீயர் (டிஎஸ்கே, மற்ற எல்லாக் கலவையும் முடிந்த பிறகு கடைசியாகக் கிராஃபிக்ஸ் சேர்க்கும் கீயர்) இரண்டு. டிஎஸ்கே 1-இல் லோகோ, டிஎஸ்கே 2-இல் டிக்கர் என்பது என் வழக்கம். காரணம், கிளீன் ஃபீடு 2 (கிராஃபிக்ஸில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத் தரும் தனி அவுட்) உள்ள மாடல்களில் அந்த அவுட்டில் டிஎஸ்கே 1 இருக்கும், டிஎஸ்கே 2 இருக்காது. வெளிநாட்டு ஃபீடுக்கு லோகோ வேண்டும், உள்ளூர் டிக்கர் வேண்டாம் என்று நிர்வாகம் ஒருநாள் கேட்கும். அன்றைக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டியிருக்காது. இப்படிப் பிரிக்க சிஜியிலிருந்து இரண்டு ஜோடி, அதாவது நாலு அவுட் வேண்டும். கார்டு வாங்கும்போதே அதை யோசித்து வாங்குங்கள்.

கீ சோர்ஸ் எதுவென்று தேர்வு செய்யும் இடத்தில் பலர் சறுக்குவார்கள். ஃபில்லையே கீயாகவும் கொடுத்தால் ஸ்விட்சர் வெளிச்சத்தை வைத்து வெட்டும், அதுதான் லூமா கீ. வெள்ளை லோகோவுக்கு அது வேலை செய்வது போலத் தோன்றும். புகைபிடிக்கும் காட்சி வரும்போது போட வேண்டிய எச்சரிக்கைப் பட்டையை அப்படிப் போட்டுப் பாருங்கள். விதிப்படி அது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. லூமா கீயில் வெள்ளைப் பட்டை நிற்கும், எழுத்து இருந்த இடம் ஓட்டையாகி அதன் வழியே ஹீரோவின் சட்டை தெரியும். ஃபில்லுக்கு ஒன்று, கீக்கு ஒன்று என்று தனித்தனி சோர்ஸ் கொடுத்து லீனியர் கீயாகவே வையுங்கள்.

அடுத்தது அந்த டிக். ‘பிரீ-மல்டிப்ளைடு’ என்று இருக்கும். சிஜி மெஷின் ஃபில்லை அனுப்பும் முன்பே கீயால் பெருக்கி அனுப்புகிறதா, பெருக்காமல் முழு நிறமாக அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. காஸ்பர் பெருக்கியே அனுப்பும். அதனால் டிக் போட வேண்டும்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணில் பார்த்துவிடலாம். லோகோவின் ஓரத்தில் பாதி ஒளி ஊடுருவும் வெள்ளைப் புள்ளி ஒன்று. கீ 50 சதவீதம். பெருக்கி வந்த ஃபில்லும் 50. பின்னால் நிகழ்ச்சியின் வெளிச்சம் 40 என்று வைப்போம், அதில் பாதி 20. டிக் போட்டிருந்தால் 50-ம் 20-ம் சேர்ந்து 70. அதுதான் சரி. டிக் இல்லாவிட்டால் ஸ்விட்சர் ஃபில்லை இன்னொரு முறை கீயால் பெருக்கும்: 25-ம் 20-ம் சேர்ந்து 45. எழுபது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து. டிசைனரை அலைய வைத்த கறுப்பு விளிம்பு இதுதான்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பெருக்காத ஃபில் வரும் மெஷினுக்கு டிக் போட்டுவிட்டால் 100-ம் 20-ம் சேர்ந்து 120. ஓரமெல்லாம் பளீரென்று எரியும். ஆக, விளிம்பு கறுத்தால் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, வெளுத்தால் ஒரு முறைகூடப் பெருக்கப்படவில்லை. கிளிப், கெயின் குமிழ்களைத் திருகி இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. ஓரம் கடினமாகி மறைந்தது போலத் தோன்றும், மென்மையான நிழல்கள் எல்லாம் ரம்பப் பல்லாகிவிடும்.

இதைவிட நுணுக்கமான இன்னொன்று கீயின் அளவு. இந்தக் கேபிள்களில் ஓடும் எஸ்டிஐ சிக்னலில், 10 பிட்டில் கறுப்பு 64, வெள்ளை 940. 8 பிட்டில் 16, 235. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் 0 முதல் 255 வரை வேலை செய்யும், கார்டு அதை இந்த அளவுக்குச் சுருக்கி அனுப்பும். டெம்ப்ளேட் செய்தவர் ‘டிவிக்கு சேஃப்’ என்று முன்கூட்டியே ஒருமுறை சுருக்கிவைத்திருந்தால் இரண்டு சுருக்கம் விழும். கணக்குப் போட்டால் கீயின் வெள்ளை 92 சதவீதத்தில் நிற்கும், கறுப்பு 6 சதவீதத்துக்கு ஏறும். வெள்ளை குறைந்தால் டிக்கரின் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் வெளிச்சமான காட்சி லேசாகத் தெரியும். கறுப்பு ஏறினால் லோகோ ஆன் ஆகும்போது மொத்தப் படமும் ஒரு துளி மங்கும். கட் பட்டனை அழுத்தி லோகோவைப் போட்டு எடுத்துப் பாருங்கள், லோகோ இல்லாத மூலையில் வெளிச்சம் மாறுகிறதா என்று. மாறினால் கீ சோர்ஸை மட்டும் தனியாக ஸ்கோப்பின் வேவ்ஃபார்மில் போடுங்கள். அடிக்கோடு பூஜ்யத்திலும் மேல்கோடு நூறிலும் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள், ஸ்விட்சரை அல்ல.

ஏடெமில் இன்னும் சில சில்லறை விஷயங்கள். சிஜி வரும் இன்புட்டின் ஆடியோவை மிக்சரில் ஆஃப் செய்துவிடுங்கள். யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு ‘விஷ்’ சத்தம் வைத்திருப்பார்கள், அது நிகழ்ச்சி மேல் கேட்கும். ஃபேட் டு பிளாக் டவுன்ஸ்ட்ரீம் கீயருக்கும் அப்பால் இருக்கிறது, அழுத்தினால் லோகோ டிக்கர் எல்லாம் சேர்ந்தே போகும். அந்தப் பட்டனுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டினால் யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள். எல்லாம் அமைத்து முடித்ததும் ‘ஸ்டார்ட்அப் ஸ்டேட்’ சேமியுங்கள். கரண்ட் போய் வந்தால் கீயர் ஆன் நிலையில், சரியான சோர்ஸோடு எழுந்திருக்கும்.

தமிழ் டிக்கர்

இங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது. டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. பட்டையின் உயரம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போதும். தமிழில் ‘கி’-யின் மேல்வளைவு மேலே ஏறும், ‘மூ’, ‘ளு’ போன்றவை கீழே இறங்கும். மேலும் கீழும் வெட்டுப்பட்ட டிக்கரைப் பல சேனல்களில் பார்க்கலாம். புது எழுத்துரு போடும்போது ‘கொழும்பு, மூணாறு, ஜூலை, ஸ்ரீரங்கம்’ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். மேலே போவது, கீழே இறங்குவது, எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கும் ஒகரக் குறி, கூட்டெழுத்து எல்லாம் அதில் வந்துவிடும். காஸ்பரில் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் ஓடுவது குரோமியம் வழியாக என்பதால் யூனிகோடு தமிழ் சரியாகவே வரும். பழைய சிஜிகளில் ஒற்றைக்கொம்பு எழுத்தின் பின்னால் போய் நிற்கும் கூத்தெல்லாம் இதில் இல்லை.

1080ஐ என்பது ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைக் காட்டுவது. ஒற்றை வரித் தடிமனுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, துடிக்கும். தமிழ் எழுத்துகளில் அடிக்கோடு அதிகம், ‘ட’, ‘ப’, ‘ம’ எல்லாமே தரையில் படுத்த கோடுகள். மெலிந்த எழுத்துரு லேப்டாப்பில் அழகாக இருக்கும், ஏரில் கண்ணைக் குத்தும். கோடு குறைந்தது இரண்டு மூன்று வரித் தடிமன் இருக்கும் எழுத்துருவாகப் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு எளிய விதி: ஒரு ஃபீல்டுக்கு முழு எண் பிக்சல். விநாடிக்கு 50 ஃபீல்டு, ஃபீல்டுக்கு 4 பிக்சல் என்றால் விநாடிக்கு 200 பிக்சல். ஒரு சொல் 1920 பிக்சலைக் கடக்க 9.6 விநாடி. நிதானமாகப் படிக்கலாம். செய்தி அதிகம் என்று யாராவது வேகத்தை 4.3 ஆக்கினால் எழுத்து நடுங்கும். 5 ஆக்குங்கள், இல்லாவிட்டால் செய்தியைக் குறையுங்கள். மேலே சொன்ன ஒரு ஃபிரேம் தாமதம் இந்த வேகத்தில் 8 பிக்சல் விலகலாகத் தெரியும். நிழல் எட்டு பிக்சல் தள்ளியிருந்தால் ஒரு ஃபிரேம், பதினாறு என்றால் இரண்டு என்று திரையிலேயே அளந்துவிடலாம்.

இடம் வைப்பதற்கு ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்95 பரிந்துரை போதும். 16:9 படத்தில் எழுத்தும் லோகோவும் நாலு ஓரத்திலிருந்தும் 5 சதவீதம் உள்ளே: பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54. ஆனால் உங்கள் எஸ்டி ஃபீடு நடுப்பகுதியை மட்டும் 4:3 ஆக வெட்டி எடுப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் 240 பிக்சல் போய்விடும், லோகோ அதோடு போகும். என்கோடர் பார்ப்பவரிடம் எந்த முறை என்று கேட்டுவிட்டு லோகோவை வையுங்கள்.

ஏருக்கு முன்

சோதனைக்கு நான் ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கும். மேலே முழு வெள்ளைக் கட்டம், அடுத்து 50 சதவீத ஒளி ஊடுருவும் கட்டம், இடமிருந்து வலமாக மெல்ல மறையும் ஒரு பட்டை, கீழே ஃபீல்டுக்கு 4 பிக்சல் ஓடும் ஒரு செங்குத்துக் கோடு. பின்னணியில் கலர் பார்ஸ். வெள்ளைக் கட்டத்துக்குள் பார்ஸ் துளியும் தெரியக் கூடாது. மறையும் பட்டையில் எங்கேயும் படிக்கட்டு தெரியக் கூடாது, கறுக்கவோ வெளுக்கவோ கூடாது. ஓடும் கோட்டுக்கு வால் இருக்கக் கூடாது. இது ஐந்து நிமிட வேலை. சிஜி டிரைவர் அப்டேட் செய்தாலும், யாராவது ரேக்குக்குப் பின்னால் போய்விட்டு வந்தாலும் ஒருமுறை ஓட்டிவிடுவேன்.

பிறகு அவசர வழி. ஸ்விட்சரே செத்துப்போனால், பேக்கப் பிளேஅவுட்டை ரௌட்டர் வழியாக நேராக ஏர் மெயினுக்கு அனுப்பும் ஒரு சால்வோ வேண்டும். அந்த வழியில் டவுன்ஸ்ட்ரீம் கீயர் இல்லை, அதனால் லோகோவும் இல்லை. பேக்கப் பிளேஅவுட்டின் உள்ளேயே லோகோ போடும் வசதி இருந்தால், அதன் இரண்டாவது அவுட்டில் லோகோவோடும் முதல் அவுட்டில் லோகோ இல்லாமலும் எடுங்கள். முதலாவது ஸ்விட்சருக்கு, இரண்டாவது அவசர வழிக்கு. மாற்றிச் செருகினால் ஸ்விட்சர் வழியே போகும்போது இரண்டு லோகோ தெரியும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் அமைப்பின் வாட்டர்மார்க் எம்பெடர் (அளவீட்டுக்கான குறியை ஆடியோவில் சேர்க்கும் பெட்டி) இருந்தால் அவசர வழியும் அதன் ஊடாகவே போகிறதா என்று பாருங்கள். அதைத் தாண்டிப் போனால் படம் ஓடும், அந்த நேரத்துப் பார்வையாளர் கணக்கு மட்டும் சேனலுக்கு வராது. மறுவாரம் மார்க்கெட்டிங்கிலிருந்து ஆள் வரும்.

லாக்கை எடுத்துத்தான் இந்தச் சோதனை எல்லாம் செய்திருப்பீர்கள். திரும்பப் போடுங்கள். டெஸ்ட் டெம்ப்ளேட்டைக் காஸ்பர் லேயரிலிருந்து கிளியர் செய்யுங்கள், டிஎஸ்கேயை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, அடுத்த ஷிஃப்ட்காரர் ஆன் செய்யும்போது அதுவே வரும். ரௌட்டர் பேனலை மொபைலில் ஒரு படம் பிடித்து ரேக் கதவின் உள்பக்கம் பிரின்ட் ஒட்டிவைத்தால், எது எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டு வரும் ராத்திரி போன்கள் கொஞ்சம் குறையும்.